அறையிலும் கொல்லையிலும் ஒரே நேரத்தில் வேண்டாம்

கேள்வி: நாங்கள் வசிக்கும் இடத்தில் ஒரு வீட்டுக்கு நான்கு கஞ்சா செடி வரை வளர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. என் கணவருக்கு நாள்பட்ட முதுகுவலி. மருத்துவருக்குத் தெரிந்துதான் பயன்படுத்துகிறார். போன முறை இரண்டு செடிகளைக் கொல்லைப்புறத்தில் மண்ணிலும், இரண்டை உள்ளே ஒரு சின்ன அறையில் விளக்கு வைத்துத் தொட்டியிலும் வளர்த்தோம். வெளியே இருந்தவை ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நன்றாகப் பூத்தன. அறுவடை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பூவின் உள்ளே சாம்பல் நிறத்தில் அழுகிவிட்டன. உள்ளே இருந்த செடிகளின் இலைகளில் முதலில் வெள்ளைப் புள்ளிகள், அப்புறம் மெல்லிய வலை. போதாததற்கு அந்தப் பூக்களில் விதையும் பிடித்துவிட்டது. வெளிச்செடிகளில் விதை இல்லை. அழுகிய இடங்களை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் காயவைத்து வைத்திருக்கிறோம். பயன்படுத்தலாமா? இந்த முறை உள்ளே வளர்ப்பதா, வெளியே வளர்ப்பதா? மழை தொடங்கும்போது வெளிச்செடியை உள்ளே கொண்டுவந்துவிட்டால் என்ன? கிடைத்த விதைகளையே போடலாமா? வீட்டில் நான்கு வயதுக் குழந்தையும் ஒரு நாயும் இருக்கிறார்கள்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் கேட்க வேண்டியதை நடுவில் கேட்டிருக்கிறீர்கள், அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். காயவைத்து வைத்திருக்கும் அந்த மீதியைப் பயன்படுத்தாதீர்கள். அழுகிய இடத்தை வெட்டிவிட்டால் மற்ற இடம் சுத்தம் என்று கண்ணுக்குத் தோன்றும். பூஞ்சை அப்படி எல்லை போட்டுக்கொண்டு வளர்வதில்லை. அழுகிய பூவுக்குப் பக்கத்துப் பூவில் அதன் வித்துகள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்; ஈரத்தோடு காயவைத்தால் வேறு பூஞ்சைகளும் சேர்ந்துகொள்ளும். அவற்றில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற வகை நுரையீரலைத் தாக்கக்கூடியது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு இது பெரிய ஆபத்து. பற்றவைத்தால் எல்லாம் செத்துவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். முதுகுவலிக்காக வளர்த்த ஒன்று நுரையீரல் நோயில் கொண்டுபோய் விடக் கூடாது. மொத்தத்தையும் பையில் கட்டி, உங்கள் இடத்தின் விதிப்படி அப்புறப்படுத்திவிடுங்கள். ஒரு பருவ உழைப்பு போகிறது, தெரியும். இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

மேலே போவதற்கு முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் கேள்வியை வேறு இடங்களில் இருப்பவர்களும் படிப்பார்கள். கனடாவில் 2018 அக்டோபர் முதல் ஒரு வீட்டுக்கு நான்கு செடி அனுமதி. அதே நாட்டில் கியூபெக் மாகாணம் வீட்டில் வளர்ப்பதைத் தடை செய்திருக்கிறது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயதுவந்த ஒருவருக்கு மூன்று செடி. ஆனால் குழந்தைகள் கைக்கு எட்டாதபடி காப்பது வளர்ப்பவரின் கடமை. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் கஞ்சா பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஒரே ஒரு செடி, அதுவும் மருந்துக்கு என்பதெல்லாம் அங்கே செல்லாது. ஆகவே அனுமதியில்லாத இடத்தில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து முயன்று பார்க்க வேண்டாம். உங்கள் விஷயத்தில் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படியும் மூன்று விவரங்களை எழுத்தில் பார்த்துவிடுங்கள்: எண்ணிக்கையில் நாற்றும் சேருமா, தெருவிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ செடி கண்ணில் படலாமா, வாடகை வீடு என்றால் உரிமையாளர் மறுக்க முடியுமா. பெரும்பாலான தகராறுகள் இந்த மூன்றில்தான் வருகின்றன.

சரி, செடிகளுக்கு வருவோம்.

நீங்கள் எழுதிய நான்கு கோளாறுகளும் தனித்தனியானவை போலத் தெரிந்தாலும், எனக்கு இரண்டு காரணங்கள்தான் தெரிகின்றன. ஒன்று, பூக்கும் காலத்தில் ஈரமும் இருட்டும் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. இரண்டு, வெளியேயும் உள்ளேயும் ஒரே ஆட்கள் ஒரே நாளில் போய்வந்திருக்கிறீர்கள்.

வெளியே வந்தது பொட்ரைடிஸ் என்ற பூஞ்சையால் வரும் பூ அழுகல். திராட்சையையும் ஸ்ட்ராபெரியையும் கெடுப்பதும் இதுதான். இதன் வித்துகள் காற்றில் எப்போதும் இருக்கும், தடுக்க முடியாது. ஆனால் அவை முளைக்க ஈரம் வேண்டும். மிதமான குளிர்ச்சியும் அசையாத காற்றும் இருந்தால் இன்னும் வசதி. கஞ்சாப் பூ இதழ் விரிந்த பூ அல்ல. நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் நெருக்கமாக அடைந்த கொத்து. வெளியே காய்ந்துவிட்டது போல் தெரிந்தாலும் உள்ளே தண்டை ஒட்டி ஈரம் தங்கிவிடும். அதனால்தான் அழுகல் உள்ளிருந்து வெளியே வருகிறது, அதனால்தான் மிகப் பெரிய, மிக அடர்த்தியான உச்சிப் பூ முதலில் போகிறது. நன்றாகப் பூத்தன என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த அடர்த்திதான் மழையில் பாதகமாகிவிட்டது.

அடையாளம் முன்கூட்டியே தெரியும். ஆரோக்கியமான பூங்கொத்தில் ஒரே ஒரு சின்ன இலை மட்டும் திடீரென்று மஞ்சளாகி வாடும். அதைப் பிடித்து லேசாக இழுத்தால் தடையில்லாமல் கையோடு வந்துவிடும். அங்கே பிரித்துப் பார்த்தால் உள்ளே பழுப்பு; இன்னும் சில நாளில் அது சாம்பல் தூளாகிவிடும். அந்தக் கட்டத்தில் கண்டால், அழுகலுக்கு நன்றாகக் கீழே, நல்ல தண்டு வரை வெட்டி, உதறாமல் பையில் போட்டுக் கட்டி வெளியேற்ற வேண்டும். எருக்குழியில் போடக் கூடாது. கத்தரியை ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். புழு தின்ற இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பூவுக்குள் துளைத்துப் போகும் புழுவின் காயமும் எச்சமும்தான் பல வேளை பூஞ்சைக்கு வாசல் திறந்துவிடுகின்றன.

இனி இருட்டு. இந்தச் செடி இரவின் நீளத்தை அளக்கிறது. இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி வெளிச்சம் பட்டால் ஒரு வடிவத்துக்கும், தொடர்ந்த இருட்டில் மெல்ல வேறொரு வடிவத்துக்கும் மாறுகிறது. இருட்டு நீளமாக, இடையில் அறுபடாமல் பல இரவுகள் கிடைத்தால்தான் பூக்க வேண்டும் என்று செடி முடிவு செய்யும். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய நாடுகளில் கோடை முடிந்து இரவு நீளும்போதுதான் இது நடக்கிறது. அதனால் பூ முதிர்வதும் இலையுதிர்கால மழையும் பனியும் வருவதும் ஒரே சமயத்தில் அமைந்துவிடுகின்றன. நீங்கள் எதுவும் தவறாகச் செய்யாமலே அழுகல் வந்திருக்கலாம். அந்த வகைச் செடிக்கும் உங்கள் வானிலைக்கும் நாட்காட்டி ஒத்துப்போகவில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் இதற்கு நேர் எதிரான தொல்லை உண்டு. அங்கே ஆண்டு முழுவதும் இரவு ஏறக்குறைய 12 மணி நேரம் என்பதால், பல வகைகள் கையகலச் செடியாக இருக்கும்போதே பூத்து முடித்துவிடும்.

உள்ளே இந்த இருட்டை நாமே கொடுக்கிறோம். வளரும் பருவத்தில் 18 மணி நேர வெளிச்சம், பூக்க வைக்க 12 மணி நேர வெளிச்சமும் 12 மணி நேர இருட்டும் என்பது வழக்கம். அந்த 12 மணி நேரம் முழு இருட்டாக இருக்க வேண்டும். கதவிடுக்கில் கசியும் விளக்கு, இரவில் எட்டிப் பார்க்கும் கைபேசி டார்ச், ஈரப்பதக் கருவியில் எரியும் பச்சைப் புள்ளி என்று பார்த்துக்கொண்டே போகலாம். எல்லா வெளிச்சமும் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை என்றாலும், திரும்பத் திரும்ப இருட்டு அறுபட்டால் செடி குழம்புகிறது.

விதை பிடித்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகும், அதுவும் பல கிலோமீட்டர் கூடப் போகும். அக்கம்பக்கத்தில் ஆண் செடி இருந்து அந்த மகரந்தம் வந்திருந்தால் முதலில் உங்கள் வெளிச்செடிகளில்தான் விதை பிடித்திருக்கும். அவற்றில் இல்லை, மூடிய அறையில் மட்டும் இருக்கிறது என்றால் மகரந்தம் அறைக்குள்ளேயே உண்டாகியிருக்கிறது. பெண் செடி கடும் வெப்பத்திலோ, வறட்சியிலோ, இருட்டு அறுபடும்போதோ தானே ஆண் உறுப்புகளை விடும். பூங்கொத்தின் நடுவில் சின்ன மஞ்சள் நிறச் சீப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த முறை பூக்கும் பருவத்தின் மூன்றாவது வாரத்திலிருந்து தேடுங்கள். சோதனையும் எளிது: பகலில் அறைக்குள் நின்று கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் கண் பழக விடுங்கள். உங்கள் விரலே தெரியக் கூடாது.

வெள்ளைப் புள்ளியும் வலையும் சிலந்திப்பேன். இதில் சந்தேகமே இல்லை. இலையின் அடிப்புறத்தில் இருந்து சாறு உறிஞ்சும். கண்ணுக்கு மண் துகள் மாதிரிதான் தெரியும், உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். விளக்குச் சூடும் வறண்ட காற்றும் இதற்குச் சொர்க்கம். சூடான அறையில் முட்டை ஒன்று வளர்ந்த பேனாகிவிட ஒரு வாரம் பத்து நாள் போதும். வெளியே இருக்கும்போது மழையும் காற்றும் மற்ற பூச்சிகளும் இதைக் கொஞ்சம் அடக்கி வைத்திருக்கும். அறைக்குள் அடக்க யாரும் இல்லை. அது எப்படி உள்ளே வந்தது? உங்கள் கையில், சட்டையில், வெளியே வைத்திருந்த தொட்டியில், சுற்றிவிட்டு வந்த நாயின் ரோமத்தில். காலையில் கொல்லைச் செடியைத் தடவிப் பார்த்துவிட்டு அதே உடையோடு அறைக்குள் போயிருப்பீர்கள். எல்லாரும் செய்வதுதான்.

அதனால்தான் சொல்கிறேன்: உள்ளேயா வெளியேயா என்பதை விட, இரண்டும் ஒரே பருவத்தில் வேண்டாம் என்பதுதான் என் முக்கியமான ஆலோசனை. நான்கு செடியை இரண்டிரண்டாகப் பிரித்தால், ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும் என்று தோன்றுவது இயல்பு. நடைமுறையில் வெளிப்பூச்சி உள்ளே வருகிறது, கவனம் பாதிப் பாதியாகிறது, இரண்டும் போகிறது. மழை தொடங்கியதும் வெளிச்செடியை உள்ளே கொண்டுவரும் யோசனையும் இதே காரணத்தால்தான் வேண்டாம். செடியோடு பேன், அசுவினி, பூஞ்சை வித்து எல்லாம் வரும். மாலையில் விளக்கெரியும் வீட்டுக்குள் வைத்தால் இருட்டும் கெடும். தொட்டியில் இருக்கும் செடி என்றால் மழை நேரத்தில் ஒரு கூரைக்கு அடியில், காற்றோட்டம் உள்ள இடத்தில் நகர்த்துங்கள். அது போதும், வீட்டுக்குள் வர வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு எது சரி? மழை நனைக்கும் இலையுதிர்காலம், நான்கு வயதுக் குழந்தை, ஒரு நாய். நான் அறையைத்தான் தேர்ந்தெடுப்பேன், பூட்டுள்ள அறை. நான்கு கூட வேண்டாம், ஒருவரின் தேவைக்கு இரண்டு செடி தாராளம். வெளியேதான் வளர்க்க வேண்டும் என்று விருப்பம் இருந்தால், இரவு நீளத்தைப் பார்க்காமல் வயதைப் பார்த்துப் பூக்கும் வகைகள் உண்டு; விதைத்ததிலிருந்து ஏறத்தாழ மூன்று மாதத்தில் முடித்துவிடும். உயரமும் குறைவு. கோடை தொடக்கத்தில் விதைத்தால் மழைக்கு முன்னால் அறுத்துவிடலாம். விளைச்சல் குறையும், அழுகிய பெரிய செடியை விட அது மேல். இந்த வகைகளுக்குத் தெரு விளக்கும் தொல்லை தராது, மற்றவற்றுக்குத் தரும்.

வெளியே வளர்ப்பவர்கள் பெரும்பாலும் யோசிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும்: மண். இந்தச் செடி மண்ணிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சித் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும். 1990களின் கடைசியில் செர்னோபில் பகுதியில் மாசுபட்ட மண்ணைச் சுத்தம் செய்ய இதே இனத்தைச் சேர்ந்த ஹெம்ப் என்ற நார்வகைச் செடியை நட்டுப் பார்த்ததே இந்தக் குணத்துக்காகத்தான். பழைய வீட்டுச் சுவரை ஒட்டிய மண்ணில் ஈயம் கலந்த பெயின்ட் உதிர்ந்திருக்கலாம். கார் நின்ற இடத்தில் எண்ணெய் சிந்தியிருக்கலாம். தக்காளி நடுவதற்கே நான் மண் சோதனை கேட்பேன். புகையாக உள்ளே இழுக்கும் ஒன்றுக்குக் கட்டாயம் வேண்டும். சோதனைக்கு வழியில்லை என்றால் புது மண்கலவை நிரப்பிய பெரிய துணித்தொட்டி.

அறைக்கு வருவோம், ஏனென்றால் நீங்கள் அங்கேதான் போகப்போகிறீர்கள். விளக்கைப் பற்றித்தான் எல்லாரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஒரு சதுர மீட்டர் இடத்துக்கு 200 வாட் சுற்றளவில் ஒரு நல்ல எல்இடி விளக்கு போதும்; 12 மணி நேரத்துக்கு அது 2.4 யூனிட். பழைய சோடியம் விளக்கு வேண்டாம், சூடு தாங்காது. விளக்கு அவ்வளவுதான். உண்மையான வேலை ஈரத்தில் இருக்கிறது. தொட்டியில் நீங்கள் ஊற்றும் தண்ணீரில் மிகப் பெரும் பங்கு இலை வழியாகக் காற்றுக்குப் போகிறது. இன்று மூன்று லிட்டர் ஊற்றினால், அடுத்த சில நாளில் ஏறக்குறைய மூன்று லிட்டர் அந்தச் சின்ன அறையின் காற்றில் இருக்கும். வெளியேற்றாவிட்டால் சுவரில் ஏறும், ஜன்னலில் வழியும், பூவில் உட்காரும். வீட்டுச் சுவரில் கறுப்புப் பூஞ்சை படர்ந்த பிறகு புலம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன், உள்ளே காற்றை அசைக்க ஒரு சின்ன ஃபேன், ஈரப்பதமானி ஒன்று. இவை விளக்குக்கு முன்னால் வாங்க வேண்டியவை. பூக்கும் பருவத்தில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

பகலில் ஈரமானியைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஆபத்து விளக்கு அணைந்த பிறகுதான். சூடு குறைந்ததும் அதே காற்றின் ஈரப்பதம் சட்டென்று ஏறும். 48இல் இருந்தது 70க்குப் போய்விடலாம். மிகக் குறைந்த, மிக அதிக அளவை நினைவில் வைக்கும் கருவியாக வாங்கினால் காலையில் இரவுக் கதை தெரியும். மின்சாரம் மிச்சம் என்று விளக்கோடு சேர்த்து ஃபேனையும் அணைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், ஃபேன் இருட்டில்தான் அதிகம் தேவை. தண்ணீரையும் விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் ஊற்றுங்கள், அணையும் நேரத்தில் அல்ல.

வாசனை பெரிய விஷயம். பூக்கும் காலத்தில் தெரு முனை வரை போகும். அந்தக் காட்டமான நெடிக்குக் கந்தகம் கலந்த சேர்மங்கள் காரணம். வெளியேற்றும் காற்றுக்குழாயில் செயலூட்டிய கரி வடிகட்டி ஒன்றைப் பொருத்தினால் நன்றாகக் குறையும். ஊதுபத்தியும் வாசனைத் தெளிப்பானும் பயனில்லை. பூவில்தான் போய்ப் படியும்.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே அறையில் இருப்பதை அலட்சியம் செய்யாதீர்கள். மின்கசிவைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் அந்த இணைப்பில் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இன்னொரு பெட்டியைச் செருகுவது, பெட்டியைத் தரையில் வைப்பது இரண்டும் கூடாது. சுவரில் உயரத்தில் மாட்டுங்கள். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், வழியும் நீர் அங்கே சொட்டிவிடும். புகை எச்சரிக்கைக் கருவி ஒன்று. செடிக்குக் கரியமில வாயு கிடைக்கட்டும் என்று எரிவாயு அடுப்பு வைப்பதைப் பற்றி யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மக்கள் தூங்கும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு விளையாட்டு வேண்டாம்.

உரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. வளரும்போது தழைச்சத்து, பூக்கும்போது அதைக் குறைத்துச் சாம்பல்சத்து, மண்ணின் கார அமில நிலை 6க்கும் 7க்கும் நடுவில். தொட்டியைத் தூக்கிப் பார்த்து, எடை குறைந்த பிறகே தண்ணீர். பட்டினியால் சாகும் செடியை விட அதிகத் தண்ணீரில் வேர் அழுகிச் சாகும் செடிதான் அதிகம். அடிப்புறமும் உட்புறமும் வெளிச்சம் படாத கிளைகளைப் பூக்கும் முன் கவாத்து செய்துவிட்டால் காற்று உள்ளே போகும்.

புதிதாகத் தொடங்கும் முன் அறையைக் காலி செய்து, சுவர், தரை, தொட்டி, ஃபேன் இறக்கை எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பேன் விரிசலில் ஒளிந்து பல வாரம் இருக்கும். அறைக்கென்று ஒரு சட்டையும் செருப்பும் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் இருமுறை இலையின் அடியைப் பார்ப்பது உங்களால் செய்ய முடிந்த மிகச் சிறந்த பூச்சி மருந்து. வளரும் பருவத்தில் கண்டால் இலையடியைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவி, பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசலைச் சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்ப அடிக்கலாம். ஒரு தடவை அடித்தால் முட்டை தப்பிவிடும். வெளியே வளர்த்தால் புழுவுக்குப் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர்த் தூள் உண்டு.

பூ வந்த பிறகு எதையும் தெளிக்காதீர்கள், வேப்பெண்ணெயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காய்கறிக்குப் பாதுகாப்பானது என்று பாட்டிலில் எழுதியிருப்பது சமைத்துச் சாப்பிடுவதற்கு. புகைப்பதற்கு யாரும் அப்படி உறுதி கொடுக்கவில்லை. மைக்ளோபியூட்டானில் என்ற பூஞ்சைக்கொல்லி சில நாடுகளில் திராட்சைக்கு அனுமதிக்கப்பட்டது. அதே மருந்தை எரித்தால் ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. ரோஜாச் செடிக்கு வாங்கி வைத்த மருந்து வீட்டில் இருந்தால் இந்த அறைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

அறுத்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிளையோடு தலைகீழாகத் தொங்கவிட்டு, இருட்டில், 20 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதத்தில், ஒன்றிலிருந்து இரண்டு வாரம். காற்று அசைய வேண்டும், நேராகப் பூவில் அடிக்கக் கூடாது. சின்னத் தண்டை வளைத்தால் சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்துகொடுத்தால் இன்னும் காயவில்லை. அதற்குப் பிறகே கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் ஒரு குட்டி ஈரமானி போட்டு மூடுங்கள். ஒரு நாள் கழித்து 65க்கு மேல் காட்டினால் வெளியே எடுத்து மறுபடி காயவைக்க வேண்டும். பியூட்டேன் வாயுவை வைத்து எண்ணெய் எடுப்பதை மட்டும் எந்த நிலையிலும் வீட்டில் முயலாதீர்கள். சமையலறைகள் வெடித்திருக்கின்றன, ஆட்கள் கருகியிருக்கிறார்கள்.

குழந்தையைப் பற்றி. பச்சைச் செடியில் இருப்பது பெரும்பாலும் போதை தராத அமில வடிவம். சூடு படும்போது வேகமாகவும், காய்ந்து நாள் போகப்போக மெல்லவும், போதை தரும் டிஎச்சி (THC) என்ற பொருளாக மாறுகிறது. அதனால் குழந்தை ஒரு பச்சை இலையை வாயில் வைப்பதை விட, காய்ந்த பூவும், அதைச் சேர்த்துச் செய்த வெண்ணெய், பிஸ்கட், கேக் போன்றவையும்தான் பேராபத்து. தின்பண்டத்துக்கும் அதற்கும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. உங்கள் கணவருக்குச் சாப்பிடும் வடிவம்தான் வேண்டும் என்றால், இனிப்பாகச் செய்யாதீர்கள், பூட்டு போட்ட பெட்டியைத் தவிர வேறெங்கும் வைக்காதீர்கள். குழந்தை தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, தூக்கக் கலக்கமோ தள்ளாட்டமோ வரும் வரை காத்திராமல் அவசர மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள். சிறு குழந்தைகளில் மூச்சு மந்தமாகி மயக்கம் வரை போகும். என்ன நடந்தது என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அனுமதி உள்ள இடத்தில் இருக்கிறீர்கள், வெட்கப்பட நேரமில்லை. அறையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்ணீரின் கார அமில நிலையைக் குறைக்கும் கரைசல் பெரும்பாலும் அடர் பாஸ்பாரிக் அமிலம். நிறமான உரப் பாட்டில்கள் குழந்தைக்கு ஜூஸ் பாட்டில் மாதிரிதான். எல்லாம் உயரத்தில், பூட்டுக்குள்.

நாய்க்கு இந்தப் பொருள் மனிதர்களை விட மோசமாக ஏறும். நிற்கத் தள்ளாடுவது, சிறுநீர் தன்னையறியாமல் சொட்டுவது, சின்னச் சத்தத்துக்கும் துடித்துப் பதறுவது ஆகியவை அடையாளங்கள். உடனே கால்நடை மருத்துவர். வெட்டிய கழிவு, காய்ந்த இலை எதையும் அது போகும் இடத்தில் குவிக்காதீர்கள். எலும்புத்தூள், இரத்தத்தூள் கலந்த இயற்கை உரமும் போடாதீர்கள். அந்த வாசனைக்கு நாய் தொட்டியைத் தோண்டி மண்ணோடு தின்றுவிடும். குடல் அடைப்பு வரை போகும்.

உங்கள் கணவரின் மருந்தைப் பற்றிச் சொல்ல நான் மருத்துவர் இல்லை. செடி வளர்ப்பவனாக ஒன்று சொல்லலாம்: வீட்டில் விளைந்ததன் வீரியம் செடிக்குச் செடி, ஏன், ஒரே செடியின் உச்சிப் பூவுக்கும் அடிப் பூவுக்கும் மாறும். கடையில் வாங்கியதற்குப் பழகிய அதே அளவை இதற்கும் எடுத்தால் சரியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் பகுதியில் பொதுமக்களிடம் மாதிரி வாங்கிச் சோதித்துத் தரும் ஆய்வகம் இருந்தால் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். இரத்தம் உறையாமைக்கான மருந்தோ தூக்க மாத்திரையோ அவர் சாப்பிடுகிறார் என்றால், வீட்டில் விளைந்ததைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் மறுபடி பேசட்டும்.

விதைகளைப் பற்றிக் கேட்டீர்கள். அவற்றைப் போடாதீர்கள். பெண் செடி தானே மகரந்தம் விட்டு உண்டாக்கிய விதைகளில் அதே குணம் திரும்ப வர வாய்ப்பு அதிகம். அடுத்த அறுவடையிலும் விதைதான் பொறுக்குவீர்கள். யாராவது வெட்டுத்துண்டு தந்தாலும் யோசித்து வாங்குங்கள். ஹாப் லேட்டண்ட் வைராய்டு என்ற நுண்கிருமி வெட்டுத்துண்டு மூலமும் கத்தரி மூலமும் பரவுகிறது. செடி வெளியே நன்றாகத் தெரிந்தாலும் பூ சிறுத்துவிடும், மருந்தும் இல்லை. உரிமம் உள்ள விற்பனையாளரிடம் புது விதை வாங்குங்கள். வாங்கும்போது வீரியத்தைக் காட்டும் எண்ணை விட்டுவிட்டு இரண்டு விவரங்களைப் பாருங்கள்: பூக்கும் காலம் எட்டு வாரத்துக்குள் முடிகிறதா, பூங்கொத்து நெருக்கமானதா, இளகலானதா. உங்கள் வானிலைக்கு இளகலான கொத்து விடும் வகையைத்தான் எடுக்க வேண்டும்.